கடூஷி: குராசோ தீவின் கள்ளிச் சூப், கள்ளி வேலி, மற்றதெல்லாம்

வாசகர் கேள்வி: கரீபியன் கடலிலுள்ள குராசோ தீவில் கள்ளியை வெட்டிச் சூப் வைத்துக் குடிப்பதாக ஒரு காணொளி பார்த்தேன். பார்க்க நம்மூர்ச் சதுரக்கள்ளி மாதிரியேதான் இருக்கிறது. எங்கள் தோட்டத்து வேலியோரம் அது மண்டிக் கிடக்கிறது. முள்ளைச் சீவிவிட்டு நாமும் சமைக்கலாமா? அந்தப் பக்கம் இருப்பவர்கள் யாராவது சொல்லுங்கள்.

2024 பிப்ரவரி 3

சமைக்காதீர்கள். ஒரு துண்டுகூட வாயில் வைக்காதீர்கள். மற்றதெல்லாம் இதற்கு அப்புறம்தான்.

உங்கள் வேலியில் இருக்கும் சதுரக்கள்ளி யூஃபோர்பியா வகை. கீறினால் வெள்ளையாகப் பால் வடியும். அது தோலில் பட்டால் கொப்புளம், கண்ணில் பட்டால் பார்வைக்கே கேடு, வயிற்றுக்குள் போனால் உயிருக்கு ஆபத்து. கள்ளிப்பாலை வைத்து நம் ஊர்களில் என்ன கொடுமை நடந்தது என்பது உங்களுக்கும் தெரியும்.

காணொளியில் நீங்கள் பார்த்தது கடூஷி. அது காக்டஸ் குடும்பம், பிறந்த இடம் அமெரிக்கக் கண்டம். சதுரக்கள்ளிக்கும் அதற்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. மழை குறைந்த மண்ணில் இலையை விட்டுவிட்டு, தண்டையே பச்சையாக்கி, அதிலேயே தண்ணீரைச் சேர்த்துவைக்கும் வழிக்கு இரண்டும் தனித்தனியாக வந்து சேர்ந்தன. தோற்றம் ஒத்துப்போவது அதனால்தான்.

நான் குராசோவின் தலைநகரான வில்லெம்ஸ்டாடில் கப்பல் பழுதுபார்க்கும் வேலையில் இருக்கிறேன். சொந்த ஊர் காங்கேயம் பக்கம். நான் குடியிருக்கும் வீட்டின் வீட்டுக்காரம்மா தீவின் மேற்குப் பகுதியைச் சேர்ந்தவர். அவர் சமைத்த கள்ளிச் சூப்பைக் குடித்திருக்கிறேன்.

2024 பிப்ரவரி 4

"அப்படியானால் பால் வராத கள்ளி எதுவானாலும் சாப்பிடலாமா?" என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். கூடாது.

பால் வருகிறதா என்பது முதல் சோதனை மட்டுமே. அடுத்து முள் முளைக்கும் இடத்தைப் பாருங்கள். சதுரக்கள்ளியில் தண்டின் விளிம்பில் இரண்டிரண்டாக முள் இருக்கும். காக்டஸில் ஒவ்வொரு முள்கொத்தும் மெல்லிய மயிர் அடர்ந்த ஒரு சின்னத் திட்டிலிருந்து கிளம்பும். பூ வருவதும் பெரும்பாலும் அதே திட்டிலிருந்துதான். உலகில் எந்தக் காக்டஸை எடுத்தாலும் அந்தத் திட்டு உண்டு, யூஃபோர்பியாவில் கிடையாது.

ஆனால் காக்டஸ் என்று உறுதியானதும் சமையலுக்கு ஆயிற்று என்று நினைக்க வேண்டாம். நர்சரிகளில் தூண் மாதிரி வளரும் காக்டஸ் பல வகை விற்கிறார்கள், தொட்டியில் பெயர்கூட இருக்காது. ஆண்டீஸ் மலைப்பக்கத்துச் சான் பெத்ரோ என்ற தூண் கள்ளியில் மெஸ்கலின் என்னும் போதைப்பொருள் இருக்கிறது. வெளிப்பார்வைக்கு அதுவும் கடூஷிக்குத் தூரத்துச் சொந்தம் போலத்தான் தெரியும். இந்தத் தீவுக்காரர்கள் தலைமுறை தலைமுறையாக ஒரே செடியைத் தெரிந்துவைத்துச் சாப்பிடுகிறார்கள். அந்தப் பழக்கம் நம்மிடம் இல்லாதபோது நர்சரித் தொட்டியை நம்பி அடுப்பேற்றுவது வேண்டாத வேலை.

சதுரக்கள்ளியை வேலியிலிருந்து எடுத்துவிடுகிறேன் என்று எழுதியவருக்கு: கையுறையும் கண்ணுக்குக் கண்ணாடியும் போட்டுக்கொண்டு வெட்டுங்கள். வெட்டியதைக் கொளுத்த வேண்டாம், புகையும் கண்ணை எரிக்கும்.

2024 பிப்ரவரி 11

கடூஷி எங்கே எப்படி வளர்கிறது என்று கேட்டவர்களுக்கு.

குராசோ சின்னத் தீவு, 444 சதுர கிலோமீட்டர்தான். தெற்கே வெனிசுவேலா கடற்கரை ஏறத்தாழ 65 கிலோமீட்டர். கரீபியன் என்றதும் தென்னையும் ஓயாத மழையும் நினைவுக்கு வரும், இங்கே அது கிடையாது. ஆண்டுக்கு 550 மில்லிமீட்டர் அளவில்தான் மழை, அதிலும் பெரும்பங்கு அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் கொட்டிவிட்டுப் போய்விடும். மற்ற மாதங்களில் கிழக்குக் காற்றுதான். நிற்காமல் ஒரே திசையிலிருந்து அடிப்பதால் இங்கே மரங்களே மேற்கே சாய்ந்து வளர்கின்றன. கடூஷி மட்டும் நேராக நிற்கிறது.

தூண் கள்ளியில் இங்கே மூன்று வகை. முதலாவது கடூஷி, தாவரவியலில் செரியஸ் ரெபாண்டஸ். அடியில் மரம்போல ஒரு தண்டு, அது முதிர்ந்து சாம்பல் நிறமாகி மரக்கட்டையாகவே ஆகிவிடும். மேலே போய்த்தான் கிளைவிடும், பத்து மீட்டர் உயரம்கூடப் போகும். இரண்டாவது தாத்து, ஸ்டெனோசெரியஸ் கிரிசியஸ். அது தரையருகிலேயே கிளைத்துக் கிளைத்து நேர்நேராக எழும்பும், தோலில் நீலம் பூத்த சாம்பல் பூச்சு. மூன்றாவது கடூஷி தி பூஷி, பைலோசோசெரியஸ் வகை. உச்சியில் வெள்ளை மயிர் அடர்ந்திருக்கும். பூஷி என்றால் இங்கே பூனை.

சூப்புக்குக் கடூஷி, வேலிக்குத் தாத்து. யாரும் மாற்றிச் செய்து நான் பார்த்ததில்லை.

2024 பிப்ரவரி 25

சூப் செய்முறையை எல்லாரும் கேட்கிறீர்கள். நீங்கள் செய்து பார்க்க முடியாது என்று தெரிந்தும் எழுதுகிறேன், ஏனென்றால் அது பார்க்க வேண்டிய வேலை.

வீட்டுக்காரம்மா கிளையின் இளம் நுனிப்பகுதியைத்தான் வெட்டச் சொல்வார். முதிர்ந்தது நார். முழங்கை நீளத் துண்டை மேசையில் படுக்கவைத்து, முதலில் ஒவ்வொரு விளிம்பிலும் கத்தியை நீளவாக்கில் ஓட்டி முள்வரிசையை அப்படியே பட்டையாகச் சீவி எடுப்பார். முள்ளை ஒவ்வொன்றாகப் பிடுங்குவது வெளியூர்க்காரர் செய்யும் வேலை என்பார். பிறகு மெழுகு பூசிய மேல்தோலைக் கத்திமுனையால் நெம்பி இழுப்பார். கண்ணாடித் தாளாக உரிந்து வரும் அது, வெளிச்சத்தில் பிடித்தால் மறுபக்கம் தெரியும். அதற்கடியில் இருக்கும் பச்சைச் சதைதான் சூப்புக்கு. நடுவில் வெள்ளையாக இருக்கும் சோற்றுப்பகுதியும் மரவளையமும் வேண்டாம்.

சதையைப் பொடியாக நறுக்கிக் கொதிநீரில் போடுகிறார்கள். வெந்ததும் லெலே என்ற மரக்கோலை இறக்கி, இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே உருட்டி உருட்டிக் கடைகிறார்கள். கோலின் அடியில் கவைகளாகப் பிரிந்த கிளை நுனிகள். கீரை மத்தை நம் வீட்டில் எப்படிப் பிடிப்பார்களோ அதே பிடி, அதே சுழற்சி. கடையக் கடைய கஞ்சி இழுபட ஆரம்பிக்கும். அப்புறம் உப்புப்போட்ட மாட்டிறைச்சி, மீன், சில வீடுகளில் இறால். கடைசியில் யெர்பா தி ஹோலே என்ற துளசி இனத்துத் தழை. அந்த வாசனை இல்லாவிட்டால் இவர்களுக்கு அது கடூஷியே இல்லை.

கூடவே ஃபுஞ்சி, அதாவது மக்காச்சோளக் களி. களியை உருட்டிக் குழம்பில் தொட்டுச் சாப்பிட்டு வளர்ந்தவன் என்பதால் எனக்குத் தட்டில் புதுசாக ஒன்றும் தெரியவில்லை. கொழகொழப்புதான் பழக வேண்டும். இதே முறையில் வெண்டைக்காயிலும் இங்கே சூப் உண்டு, கியாம்போ என்று பெயர். அதைக் குடித்தவருக்குக் கடூஷி எளிது.

2024 பிப்ரவரி 26

"சாப்பிட வேறொன்றும் கிடைக்காத காலத்து உணவுதானே?" என்று கேட்டவருக்கு. அப்படித்தான் தொடங்கியிருக்கும். மழை பொய்த்துச் சோளம் காய்ந்த ஆண்டிலும் கடூஷி பச்சையாக நின்றது. அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்களுக்கும், 1863இல் அடிமைமுறை ஒழிந்த பிறகு கையகல நிலத்தோடு விடப்பட்ட அவர்கள் பிள்ளைகளுக்கும் அது வயிற்றைக் காத்தது. ஆனால் அதோடு நிறுத்திவிட்டால் பாதிதான் சொன்னதாகும். இன்றைக்கு வில்லெம்ஸ்டாடின் பழைய சந்தைக் கூடத்தில் மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தால், வங்கியில் வேலை பார்ப்பவரும் துறைமுகத் தொழிலாளியும் ஒரே பலகையில் அமர்ந்து இதைக் குடிக்கிறார்கள். பஞ்சத்துக்குச் சாப்பிட்டது இப்போது விருப்பத்துக்குச் சாப்பிடுவதாகிவிட்டது. நம் கேழ்வரகும் கம்பும் அந்த வழியில்தானே வந்துகொண்டிருக்கின்றன.

அப்புறம் பக்கத்துத் தீவான பொனேரில், ரின்கோன் ஊரில், கடூஷியிலிருந்து மதுகூட வடிக்கிறார்கள்.

2024 மார்ச் 9

இன்றைக்கு வேலி பற்றி. எனக்கு இந்தச் செடிமேல் பிடிப்பு வந்ததே வேலியால்தான்.

டொக்டர்ஸ்துயின் என்ற இடத்தில் பழைய குடிசை ஒன்றை அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள். மண்சுவர், கூரைக்குச் சோளத்தட்டை. ஆமாம், நம் சோளமேதான். இந்தத் தீவில் அதற்கு மைஷி சிக்கி என்று பெயர். வீட்டைச் சுற்றித் தாத்து வேலி. தண்டுக்குத் தண்டு இடைவெளி இல்லாமல், ஆள் உயரத்துக்கு மேலே, பச்சைச் சுவர். கோழிக்குஞ்சுகூட நுழைய முடியாது.

போடுவது லேசு. நேரான கிளைகளை வெட்டி, வெட்டுவாய் ஆறும்வரை நிழலில் கிடத்தி, கயிறு பிடித்து வரிசையாக ஊன்றுகிறார்கள். தண்ணீர் ஊற்றினால் அழுகும் என்று ஊற்றுவதே இல்லை. வேர்விட்டதும் மேலே வளரும். தலை மிஞ்சினால் அரிவாளால் தட்டி, தட்டியதையே இடைவெளியில் ஊன்றிவிடுவார்கள். ஒருமுறை போட்ட வேலி பேரப்பிள்ளைகள் காலம்வரை நிற்கும்.

எங்கள் பக்கத்துக் கொறங்காட்டில், அதாவது மேய்ச்சல் காட்டில், கிளுவை வேலி இப்படித்தான். கிளுவைப் போத்தை, அதாவது வெட்டிய கிளையை, ஊன்றி, ஆண்டுக்கு ஆண்டு வெட்டிச் சரிசெய்து, அதற்குள் காங்கேயம் மாட்டை மேய விடுவோம். அங்கே மாடு வெளியே போகாமல் இருக்க வேலி. இங்கே ஆடு உள்ளே வராமல் இருக்க வேலி. ஸ்பானியர்கள் 1500களில் இறக்கிவிட்ட ஆடுகளின் வம்சம் இன்னும் தீவெங்கும் கட்டாக்காலியாகத் திரிகிறது. இங்கே தோட்டம் போட நினைப்பவர் முதலில் ஆட்டைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும்.

இரண்டு ஊரிலும் இப்போது கம்பிவேலி வந்துவிட்டது. கம்பி துருப்பிடித்து அறுந்து கிடப்பதையும் பக்கத்திலேயே பழைய தாத்து வேலி பச்சையாக நிற்பதையும் இந்தத் தீவில் ஒரே தெருவில் பார்க்கலாம். உயிர்வேலியைப் பிடுங்கிக் கம்பி போடுவது எனக்கு இரண்டு ஊரிலும் வயிறெரிகிறது.

2024 மார்ச் 10

வேலிக்கு மட்டும்தானா, மரமாகப் பயன்படாதா என்ற கேள்விக்கு. இங்கே குறைவு. ஆனால் எதிர்க்கரையில் கொலம்பியா, வெனிசுவேலா இரண்டிலும் பரவியிருக்கும் குவாஹிரா தீபகற்பத்தில் வாயூ பழங்குடி மக்கள் வீட்டையே இதில் கட்டுகிறார்கள். காய்ந்த தாத்துத் தண்டின் உள்மரத்துக்கு அவர்கள் சொல் யொதொஹோரோ. பட்டைபட்டையாகப் பிளந்து சுவருக்கும் கூரைக்கும் பந்தலுக்கும் போடுகிறார்கள். லேசான மரம், காற்றும் நுழையும். அந்த வெயிலுக்கு அதைவிட நல்ல சுவர் எது? பழத்தையும் விடுவதில்லை. இகுவராயா என்று கூப்பிடுகிறார்கள், உள்ளே சிவப்புச் சதை. பழுத்ததும் முள் தானாக உதிர்ந்துவிடும்.

2024 ஜூன் 22

இந்த இழையை விட்டு நாளாகிவிட்டது, துறையில் வேலை நெருக்கடி. ஆனால் இப்போது கடூஷி பூத்திருக்கிறது, எழுதாமல் இருக்க முடியவில்லை.

வீட்டுக்குப் பின்னால் ஒரு முதிர்ந்த கடூஷி. இருட்டியதும் மொட்டு நெகிழ ஆரம்பித்து இரவில் முழுக்க விரிந்துவிடுகிறது. சாண் நீளத்துக்குக் குறைந்த தடித்த பச்சைக் குழல், அதன் வாயில் வெள்ளை இதழ்கள், உள்ளே நூற்றுக்கணக்கில் மகரந்தக் காம்புகள். நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். வௌவால் வருவதைக் கண்ணால் பிடிப்பது கடினம். பூ ஒருமுறை அசையும், அவ்வளவுதான். முகத்தைக் குழலுக்குள் நுழைத்து நாக்கை நீட்டித் தேனை எடுத்துக்கொண்டு ஒரு நொடிக்குள் போய்விடுகிறது. கைவிளக்குக்குச் சிவப்புத் தாள் சுற்றிவைத்ததால் ஒன்றைச் சரியாகப் பார்த்தேன். தலையும் தோளும் மகரந்தம் படிந்து மஞ்சளாக இருந்தது.

இங்கே தேன் குடிக்கும் வௌவால் இரண்டு வகை. அதில் பெரியதற்கு அறிவியல் பெயரே தீவின் பெயரில், லெப்டோனிக்டெரிஸ் குராசோவே. 1900இல் இந்தத் தீவிலிருந்து விவரிக்கப்பட்டது. தூண் கள்ளிகளுக்கு மகரந்தம் சேர்ப்பது முக்கியமாக இந்த இரண்டு வௌவால்கள்தான் என்பதை 1990களில் இங்கே நடந்த ஆய்வுகள் காட்டின. கள்ளிகள் பூத்துக் காய்க்கும் உச்சமும் வௌவால்கள் குட்டி ஈன்று பாலூட்டும் காலமும் ஒட்டியே வருகின்றன. கள்ளி குறைந்தால் குட்டிக்குப் பால் குறையும். வௌவால் குறைந்தால் பூ காயாகாது. பழத்தைத் தின்று விதையை வேறிடத்தில் எச்சமாகப் போடுவதும் அவைதான்.

காலையில் பூ சுருங்குவதற்குள் மிச்சத்துக்கு ஆரஞ்சு நிற ட்ரூபியால் பறவை வந்துவிடும். பழத்துக்கு உடும்பு மாதிரியான இகுவானா வரும். பொனேர் தீவில் மஞ்சள் தோள் கிளி வரும், வறண்ட மாதங்களில் அதற்குக் கள்ளிப்பழம் பெரிய ஆதாரம்.

தீவின் கடலோரத்தை விடுதிக்கும் வீட்டுமனைக்கும் தட்டிச் சமமாக்கும்போது "வெறும் கள்ளிக்காடுதானே" என்கிறார்கள். இங்கே அந்தக் கள்ளிக்காட்டை விட்டால் வேறு காடு அதிகமில்லை.

2024 ஜூன் 23

"ராத்திரியில்தான் கள்ளி மூச்சுவிடும் என்று படித்தேன், சரியா?" சரிதான். பகலில் தண்டுத் தோலிலுள்ள நுண்துளையைத் திறந்தால் வெயிலில் தண்ணீர் போய்விடும். அதனால் இரவில் திறந்து கரியமில வாயுவை வாங்கி அமிலமாகச் சேர்த்துவைத்து, பகலில் துளையை மூடிக்கொண்டு அந்த அமிலத்திலிருந்து உணவு செய்கிறது. ஆகவே விடியலில் தண்டு புளிக்கும், மாலையில் புளிப்பு இறங்கியிருக்கும். மெக்சிகோவில் நொபால் என்னும் சப்பாத்திக்கள்ளித் தண்டைக் காய்கறியாகச் சாப்பிடுகிறார்கள். அதை அதிகாலையில் பறிக்காமல் வெயில் ஏறியபின் பறிப்பது இந்தப் புளிப்புக்காகத்தான்.

2024 ஜூலை 7

இதைப் படித்தால் நம்மவர்கள் சண்டைக்கு வருவீர்கள், ஆனாலும் சொல்ல வேண்டும். கடூஷிக்கன்று இளசாக இருக்கும்போது நேர்வெயிலில் பிழைக்காது, ஏதாவது ஒரு முள்மரத்தின் நிழல் வேண்டும். அந்த நிழல் தரும் மரங்களில் முக்கியமானது நம் சீமைக்கருவேலம். அதே புரோசோபிஸ் ஜூலிஃப்ளோராதான். குராசோவில் இந்தியு, பொனேரிலும் அருபாவிலும் குயிஹி என்பார்கள். இது அதன் சொந்த மண். வெனிசுவேலாவின் ஆண்டீஸ் பக்கத்து வறண்ட பள்ளத்தாக்கிலும், இளம் தூண் கள்ளிகள் இந்த மரத்தடியிலும் வேல மரத்தடியிலும் கூடுதலாக நிற்பதை ஆய்வில் பார்த்திருக்கிறார்கள்.

1870களில் வெள்ளைக்காரர்கள் விறகுக்காக இந்தியாவுக்குக் கொண்டுவந்த மரம். ராமநாதபுரத்தில் கண்மாயை விழுங்கியது. இங்கே அதற்குப் பூச்சியும் போட்டியும் மேய்ச்சலும் எல்லாம் உண்டு, அதனால் தன் இடத்தில் தானுண்டு என்று நிற்கிறது. காட்டைவிட்டு வெளியே இழுத்துவந்தவர்கள் செய்ததற்கு மரத்தைத் திட்டி என்ன பயன்? நம் ஊரில் அதை வெட்டுவதை நான் எதிர்க்கவில்லை, வெட்டத்தான் வேண்டும்.

2024 ஜூலை 8

நேற்றைய குறிப்போடு சேர்த்துப் படிக்க ஒன்று. எதிர்த்திசையிலும் இது நடக்கிறது. சப்பாத்திக்கள்ளி நம் மாகாணத்தில் நிலத்தையெல்லாம் அடைத்தபோது 1926இல் இலங்கை வழியாக டாக்டிலோபியஸ் என்ற பூச்சியைக் கொண்டுவந்து விட்டார்கள், அது கள்ளியைத் தின்று தீர்த்தது. நமக்கு நல்லது. ஆனால் கள்ளிக்குச் சொந்தமான இந்தக் கரீபியனில் வெளிப்பூச்சி வந்தால் அதுவே பேரழிவு. 2000களின் தொடக்கத்திலிருந்து போர்ட்டோ ரிக்கோவில் ஒரு மாவுப்பூச்சி தூண் கள்ளிகளின் நுனியை முறுக்கிக் கழலையாக்கிக் கொல்கிறது. அந்த இனத்தைச் சேர்ந்த பூச்சியை ஆஸ்திரேலியாவும் தென்னாப்பிரிக்காவும் களைக்கள்ளியை ஒழிக்க வேண்டுமென்றே வளர்த்து விட்டன.

வீட்டுப் பின்புறக் கடூஷியின் நுனிகளை இப்போதெல்லாம் வாராவாரம் பார்த்துவிடுகிறேன். இதுவரை சுத்தமாக இருக்கிறது.

2024 செப்டம்பர் 1

"ஊருக்கு வரும்போது ஒரு துண்டு கொண்டுவாருங்கள்" என்று மூன்று நான்கு பேர் கேட்டிருக்கிறீர்கள். முடியாது. காக்டஸ் குடும்பம் ஏறத்தாழ முழுக்கவே அழியும் உயிரினங்களின் சர்வதேச வணிக ஒப்பந்தப் பட்டியலில் இருக்கிறது, அனுமதி இல்லாமல் எல்லை தாண்டக் கூடாது. அனுமதி கிடைத்தாலும் இந்தியாவில் தாவரத் தனிமைக்காப்பு விதி உண்டு. விதியைத் தள்ளிவைத்தாலும் ஜூலையில் எழுதிய இரண்டு குறிப்புகளையும் படித்தவர் இதைக் கேட்க மாட்டார்.

வேலிதான் வேண்டுமென்றால் கிளுவை போடுங்கள். கட்டைவிரல் பருமனுக்குக் குறையாத போத்தாகப் பார்த்து, மழைக்குக் கொஞ்சம் முன்னால், நுனி மேலே இருக்கும்படி ஊன்றுங்கள். முதல் ஆண்டு ஆட்டை அண்டவிடாதீர்கள். காங்கேயம், தாராபுரம் பக்கம் எந்தத் தோட்டத்தில் கேட்டாலும் வேலி வெட்டும் பருவத்தில் சும்மாவே கொடுப்பார்கள்.